இதயமும் கொழுப்பும்



வீட்டுக்காரர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால், முதலில் குசினிக்குத்தான் ஊரடங்குச் சட்டம். எண்ணெய் கூடாது, மீன்கூடக் கூடாது. "கொழுப்பெல்லாம் நஞ்சு" என்று பார்க்க வந்தவர் யாரோ சொல்லிவிட்டுப் போயிருப்பார். நம் அக்கறையே நோயாளியை வாட்டி விடுகிறது.

உண்மையில் இதயத் தசையின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றியுள்ள மென்சவ்வு கொழுப்பால் ஆனதுதான். கலத்தின் உள்ளே சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இடத்தை அடைத்திருக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்க வேண்டுமல்லவா! இந்த இழைமணிகளின் உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்றொரு கொழுப்பு உண்டு. 1942இல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததால் இந்தப் பெயர். கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் வீ.டி.ஆர்.எல். என்று இரத்தம் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பரிசோதனைக்கு உதவுவதும் இதே கொழுப்புத்தான்.

சவ்விலுள்ள மற்றக் கொழுப்புகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வால்கள், இதற்கு நான்கு. இதயத்தில் அந்த வால்களில் அநேகமானவை லினோலெயிக் அமிலம். நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கச்சான் போன்றவற்றிலிருந்துதான் வர வேண்டும். தேங்காயெண்ணெயில் அது மிகச் சொற்பம். ஆகவே எண்ணெயை அடியோடு நிறுத்துவது சரியல்ல. அளவாக, வகையறிந்து சேர்ப்பதே சரி.

மீனுக்கு வருவோம். சாளை, சூடை போன்ற கொழுப்பு மீன்களிலுள்ள ஒமேகா-3 இதயக் கலச் சவ்விலேயே போய்ச் சேர்கிறது. மாரடைப்பு வந்த 2033 ஆண்களை வைத்து வேல்ஸில் நடந்த ஆய்வின் முடிவு 1989இல் வெளியானது. வாரம் இரு தடவையாவது இத்தகைய மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில், இரண்டு வருடங்களில் மரணம் 29 சதவீதம் குறைந்திருந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. என்றாலும் இறைச்சி ஆணம் வைக்கும் நாட்களில் இரண்டை மீன் ஆணத்துக்கு விட்டுக்கொடுப்பதால் நட்டமில்லை. பொரிப்பதை விட ஆணமே நல்லது.

மீனெண்ணெய்க் குளிசை வேறு விஷயம். அதை அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதுண்டு. "குளிசைதான் இருக்கிறதே" என்று டொக்டர் தந்த மருந்தை நிறுத்தி விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய போத்தலானாலும், அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.