எல்லை தாண்டி வந்த எச்சரிக்கை

ஜொகூரில் எடுத்த வாகனமோட்டும் உரிமம் பினாங்கிலும் செல்லும், சபாவிலும் செல்லும். நம் நாட்டில் 13 மாநிலங்கள் இருந்தாலும், உரிமம் வழங்குவது ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகா ஒன்றே. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கு 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக உரிமம் வழங்குகின்றன.

அப்படியென்றால், ஒரு மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிக்கியவர் அடுத்த மாநிலத்தில் தாராளமாக ஓட்டலாமா? கூடாது. வெளிமாநில உரிமத்தை ஒரு மாநிலத்தால் ரத்து செய்ய முடியாது. ஆனால், தன் எல்லைக்குள் ஓட்டத் தடை விதித்து, உரிமம் வழங்கிய மாநிலத்துக்குத் தகவல் அனுப்பலாம். இதற்கென 1960ஆம் ஆண்டுகளில் உருவான ஒப்பந்தத்தில் பெரும்பாலான மாநிலங்கள் இணைந்துள்ளன. கடுமையான குற்றம் வெளியூரில் நடந்தாலும், சொந்த மாநிலம் அது தன் மண்ணில் நடந்ததாகவே கருதி நடவடிக்கை எடுக்கும்.

முன்பு சில லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் உரிமம் எடுத்து, குற்றங்களைப் பிரித்து மறைத்தார்கள். 1986இல் வந்த மத்தியச் சட்டம், வர்த்தக வாகன ஓட்டுநருக்கு ஒரே உரிமம்தான் என்றது.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது என்பதை 2019 காட்டியது. அவ்வாண்டு மே மாதம் கனெக்டிகட் மாநிலத்தில், போதைப் பரிசோதனைக்கு மறுத்த ஓர் ஓட்டுநர் கைதானார். அவருக்கு உரிமம் வழங்கிய மாசசூசெட்ஸ் அந்த ஒப்பந்தத்தில் சேராத மாநிலம். எனினும், வெளிமாநிலத் தகவலின்படி உரிமத்தை முடக்க அதன் சொந்தச் சட்டம் இடம் தருகிறது. தகவலும் வந்து சேர்ந்தது. உரிமம் முடக்கப்படவில்லை. ஜூன் 21ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் அவர் ஓட்டிய வாகனம் மோட்டார் சைக்கிளோட்டிகள் மீது மோதி எழுவர் இறந்தனர்.

விசாரித்தபோது, பிற மாநிலங்கள் அனுப்பிய பல்லாயிரக்கணக்கான அறிவிப்புகள் நடவடிக்கை எடுக்கப்படாமல் பெட்டிகளில் கிடந்தது தெரியவந்தது. பதிவுத்துறைத் தலைவர் பதவி விலகினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உரிமங்கள் அதன் பிறகே முடக்கப்பட்டன. அந்த ஓட்டுநரை 2022இல் ஜூரிகள் குற்றமற்றவர் என விடுவித்தனர். ஆகவே விபத்துக்கு அவரே காரணம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அன்று சாலையில் வண்டி ஓட்டும் உரிமை அவருக்கு இருந்திருக்கக் கூடாது என்பது மட்டும் உறுதி.

தகவல் பரிமாற்றம் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். அது போதாது என்பதே என் கருத்து. வந்த தகவலைப் படித்து, அன்றே செயல்பட ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். நாளை அரசாங்க அலுவலகங்களிலும் கணினித் துறையிலும் அமரப்போகும் மாணவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் ஒரு தாளுக்குப் பின்னால் சாலையில் போகும் ஓர் உயிர் இருக்கலாம்.