‘இவளெல்லாம் ஒரு தாயா?’ எண்டு கேட்க முதல்

பிறந்து சில மணித்தியாலங்களேயான சிசு பற்றைக்குள் இருந்து மீட்பு. இப்படி ஒரு செய்தி முகப்புத்தகத்தில வந்தால், கீழ கிடக்கிற கருத்துகளை வாசிக்காமலே சொல்லலாம். ‘இவளெல்லாம் ஒரு தாயா?’ ‘தூக்கில போடுங்கோ.’ தகப்பன் ஆர் எண்டு ஒருத்தரும் கேட்க மாட்டினம்.

போன கிழமை எங்கட விடுதி அறையிலயும் இதே கதைதான். நான் ஒண்டுதான் கேட்டன்: பொலிசுக்கும் ஊருக்கும் பயப்படாமல், தன்ர பெயர் வெளிய வராமல், அவள் அந்தக் குழந்தையைக் குடுத்திருக்கக்கூடிய ஒரு இடம் சொல்லுங்கோ பாப்பம். அறை அமைதியாயிற்று.

எங்கட தண்டனைச் சட்டக்கோவையின் 308ஆம் பிரிவின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெற்றவர் கைவிட்டால் 7 வருடம் வரை சிறை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்கு அனுமதி. அதாவது, பெறவும் வேணும், வளர்க்கவும் வேணும், ஏலாட்டி சிறைக்குப் போகவும் வேணும்.

அமெரிக்காவில 1999இல டெக்சாஸ் மாநிலம் வேறொரு வழி பிடித்தது. பச்சைக்குழந்தையை எந்தத் தீங்கும் செய்யாமல் வைத்தியசாலை போன்ற குறிப்பிட்ட இடத்தில ஒப்படைத்தால், கைவிட்டதற்காகத் தண்டனை இல்லை. 2008இல நெப்ராஸ்காவும் சேர, 50 மாநிலங்களிலயும் இப்படிச் சட்டம் வந்திட்டுது.

நெப்ராஸ்காவில நடந்ததை நாங்கள் கட்டாயம் அறிய வேணும். சட்டத்தை எழுதினவை ‘பிள்ளை’ எண்டு மட்டும் எழுதி, வயதெல்லை போடாமல் விட்டிட்டினம். சில மாதங்களில முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டினம். கனபேர் பத்து வயதைத் தாண்டின பிள்ளைகள். மனைவியை இழந்த ஒரு தகப்பன் ஒன்பது பிள்ளைகளை ஒரே நாளில கொண்டுவந்து விட்டார். வேற மாநிலங்களில இருந்தும் பெற்றோர் வாகனம் ஓடி வந்தினம். நவம்பர் மாதம் சட்டசபை அவசரமாகக் கூடி, 30 நாள் வரையான குழந்தைகள் மட்டும் எண்டு திருத்தியது.

இதை ஒரு பகிடியாகச் சொல்லுறவை இருக்கினம். எனக்கு அது பகிடியாத் தெரியேல்லை. வறுமையோ, பிள்ளையின்ர மனநோயோ, தனிமையோ தாங்க ஏலாமல் நிண்டவைக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான். திருத்தத்தோட கதவு பூட்டப்பட்டது. அவையின்ர கஷ்டம் அப்படியே இருந்தது.

‘இப்படிச் சட்டம் வந்தால் பொறுப்பில்லாமல் பெத்துப் போடுவாளவை’ எண்டு என்ர சிநேகிதி சொன்னாள். ஒரு சட்டம் இருக்குது எண்டதுக்காக ஆரும் பத்து மாதம் ஒளிச்சுச் சுமந்து, பிள்ளைவலி பட மாட்டினம்.

ஆனா அவள் கேட்ட இன்னொரு கேள்வி சரியானது: அந்தப் பிள்ளை வளர்ந்து ‘என்ர அம்மா ஆர்?’ எண்டு கேட்டால்? ஜேர்மனி இதுக்கு ஒரு விடை தேடியது. 2014இல வந்த சட்டத்தின்படி, ஒரு பெண் தன்ர அடையாளத்தை வெளிய விடாமல் வைத்தியசாலையில பிள்ளை பெறலாம். முதலே ஒரு ஆலோசகரிட்ட பேசலாம். உண்மையான பெயர் மூடின உறையில பத்திரப்படுத்தப்படும். பிள்ளைக்கு 16 வயதானதும் அதைப் பார்க்கக் கேட்கலாம். தாய் மறுத்தால் நீதிமன்றம் முடிவு செய்யும். தாயின்ர மானத்தையும் பிள்ளையின்ர உரிமையையும் ஒண்டாக யோசிச்ச சட்டம் எண்டுதான் எனக்குப் படுகுது.

எங்களுக்கும் இப்படி ஒண்டு வேணும். குழந்தை பிறந்த பிறகு வைக்கிற தொட்டிலோட நிண்டால் காணாது. வயிறு தெரியத் தொடங்கேக்கையே போய்க் கதைக்க ஒரு இடம் வேணும். அங்க இருக்கிறவை முதல் கேள்வியாக ‘கலியாணம் முடிச்சிட்டியா?’ எண்டு கேட்கக்கூடாது.

அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது, கருத்துப் பெட்டிக்குள்ள கை போக முதல் ஒருக்கா யோசியுங்கோ. உங்கட வகுப்பில பக்கத்தில இருக்கிறவளுக்கு இது நடந்தால், அவள் நம்பி வந்து சொல்லக்கூடிய ஆளா நீங்கள்?