ஹார்ட்டெயில்தான் வீரம்னு இனிமே யாரும் சொல்லாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம கோயில் தொண்டர்களில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அன்னதானக் கூடத்தில் பாத்திரம் கழுவும்போதுகூட எங்களுக்குள்ள ஒரே சண்டை. நீண்ட தூர மவுண்டன் பைக் போட்டிக்கு ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும்தான் சஸ்பென்ஷன், பின்பக்கம் கட்டை மாதிரி. மற்றதில் பின்சக்கரத்துக்கும் ஒரு ஷாக் இருக்கும்.

போன வருஷம் ஐம்பது வயசு தாண்டிய ஒரு அண்ணன் எங்களிடம் யோசனை கேட்டார். செம்பனைத் தோட்டத்தில் 60 கிலோமீட்டர் போட்டி. "ஹார்ட்டெயில் வாங்குங்க அண்ணே, லேசா இருக்கும், மேட்டுல பறக்கலாம்"னு நாங்கதான் சொன்னோம். 40-வது கிலோமீட்டரில் இடுப்பை நிமிர்த்த முடியாமல் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார். தண்ணீர் கொடுக்கிற இடத்துல நம்ம பையன்களே "வயசாயிடுச்சுல்ல"ன்னு சிரிச்சாங்க. வயசு காரணம் இல்லை தம்பிகளா. நாங்க சொன்ன யோசனைதான் காரணம்.

"எடை, எடை"ன்னு சொல்றீங்களே, கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்றரை கிலோ கூடுதல்னு வைங்க. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. ரெண்டு சதவீதம்கூட வரலை. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு நிமிஷம் போகும், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்காக மிச்ச அஞ்சு மணி நேரமும் முதுகில் அடி வாங்கணுமா?

முதல் மணி நேரத்தில் எல்லாருமே வீரர்கள்தான். வேர் வந்தா எழுந்து நின்னு சமாளிப்போம். நாலு மணி நேரம் கழிச்சு எழுந்து நிற்க கால் வராது. உட்கார்ந்தபடியே மிதிக்கிறோம், மழை அரிச்ச பள்ளத்திலும் லாரி போன தடத்திலும் பின்சக்கரம் துள்ளுது, பிடிப்பு போகுது. ஷாக் இருந்தா சக்கரம் தரையிலேயே இருக்கும், மிதிச்சுக்கிட்டே போகலாம். போட்டி முடிவாகிறது அந்தக் கடைசி ரெண்டு மணி நேரத்துல.

தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் போட்டியைப் பாருங்க. எட்டு நாள், ரெண்டு பேர் கொண்ட அணி, 600 கிலோமீட்டருக்கு மேல். ஒருத்தர் களைச்சா மற்றவரும் நிற்கணும், ரெண்டு நிமிஷத்துக்கு மேல பிரியக் கூடாது. அங்கே முன்னணியில் ஓட்டுறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஃபுல் சஸ்பென்ஷன். ஒன்றரை மணி நேரமே ஓடுற 2012 லண்டன் ஒலிம்பிக்கிலேயே குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வாங்கினார். ஹார்ட்டெயிலில் வந்த ஷூர்ட்டர் ஒரே நொடியில் தோத்தார். அதே ஷூர்ட்டர் 2016 ரியோவில் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறித் தங்கம் வாங்கினார். இவங்களுக்கெல்லாம் வீரம் இல்லையா?

அமெரிக்காவின் லெட்வில் மாதிரி போட்டி வேற கதை. 160 கிலோமீட்டர் இருந்தாலும் பெரும்பாலும் மண் சாலை. அங்கே ஹார்ட்டெயில் எடுத்துட்டுப் போறவரைக் குறை சொல்ல மாட்டோம்.

பணம் இல்லையேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி, இது ஒண்ணுதான் நியாயமான கேள்வி. நம்ம ஊர் மழையிலும் சேற்றிலும் பின்பக்க பேரிங் சீக்கிரம் போகும், அதுக்கும் வெள்ளி வேணும். மலிவான, கனமான ஃபுல் சஸ்பென்ஷனை விட நல்ல ஹார்ட்டெயில் எவ்வளவோ மேல். கடன் வாங்காதீங்க. இருக்கிற ஹார்ட்டெயிலுக்கு 2.4 இஞ்ச் டயர் போட்டு, டியூப்லெஸ் ஆக்கி, காற்றைக் குறைச்சு ஓட்டுங்க. இடுப்பு பாதி தப்பிக்கும். ஆனா வசதி இருக்கிறவரை, அதுவும் நாற்பது வயசு தாண்டினவரை, "அது சோம்பேறி வண்டி"ன்னு சொல்லித் தடுக்காதீங்க.

அந்த அண்ணன் பழைய ஃபுல் சஸ்பென்ஷன் ஒண்ணு வாங்கியிருக்கார். அடுத்த போட்டிக்கும் பேர் கொடுத்துட்டார். சிரிச்ச தம்பிங்க ஞாயிற்றுக்கிழமை பசியாறிட்டு வாங்க, அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டித் தரச் சொல்லியிருக்கோம்.