கடல் தாண்டிப் போன கணக்கு

கோட்டைக்குள் பட்டினி. கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றிவர மாடு கிடைக்கவில்லை. மாட்டுக்கா பஞ்சம், நம்பிக்கைக்குத்தான் பஞ்சம். 1780களின் தொடக்கம் அது. ஹைதர் அலியின் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியிருந்தது. சர்க்காருக்குக் கொடுத்த மாட்டுக்கும் நெல்லுக்கும் கூலி வந்து சேராது என்பது குடியானவர்கள் பட்டு அறிந்த பாடம். மன்னர் துளஜாவின் வாக்கும் செல்லவில்லை, கம்பெனிக்காரர்களின் வாக்கும் செல்லவில்லை. வேறு வழியின்றி, அந்தப் பாதிரியார் சொன்னாலாவது ஜனங்கள் கேட்கிறார்களா பாருங்கள் என்று மன்னரே சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பாதிரியார் கிறிஸ்தியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். கூலியைத் தன் கையாலேயே தருவதாக ஊர் ஊராகக் கடிதம் போட்டார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. வேலை முடிந்ததும் சொன்னபடி எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்தார், மேற்கொண்டு ஒரு சிறு அன்பளிப்பும் கொடுத்தார். பட்டுவாடா செய்த பணத்தில் பிறர் பணமும் கொஞ்சம் கலந்திருந்தது என்று அவரே பின்னால் எழுதினார். பிறகு, ஊரைவிட்டு ஓடிப்போயிருந்த உழவர்கள் அவர் உறுதி கொடுத்த பேரில் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள். அவர்களும் மன்னர் வாக்கை நம்பி வந்தவர்கள் அல்லர்.

தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் பெருமையோடு சொல்லும் கதை இது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய கிறிஸ்தவக் கோயிலுக்குள், பின்னால் மன்னரான சரபோஜி சுவார்ட்ஸுக்கு வைத்த பளிங்குச் சிற்பத்தைக் காட்டியபடி சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதைக்குள் ஒரு சங்கதி உறுத்துகிறது. பிறர் பணம் கலந்திருந்தது உட்பட இந்த விவரங்களையெல்லாம் சுவார்ட்ஸ் யாருக்குச் சொன்னார்? 1794இல், மிஷனை ஆதரித்த லண்டன் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். நம் சீமைக்கு மிஷனெரிகளை அனுப்பி என்ன பயன் என்று இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஒருவர் பேசிவிட்டார், அதற்குப் பதில். எழுதியது நேர்மையான கடிதம். போய்ச் சேர்ந்ததோ கடலுக்கு அந்தப் பக்கம்.

இது சுவார்ட்ஸின் குற்றமில்லை, அப்போதைய நடைமுறையே அப்படி. மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். நான்கே ஆண்டில், 1710 முதல், ஜெர்மனியின் ஹாலே நகரில் மிஷன் அறிக்கைகள் அச்சாகத் தொடங்கிவிட்டன. யார் ஞானஸ்நானம் பெற்றார், எந்த உபதேசியார் எந்த ஊருக்குப் போனார், எங்கே மழை பொய்த்தது என்று அப்படி ஒரு விவரம். பணம் அனுப்பிய ஜெர்மன் விசுவாசிகள் நம் ஊர்ச் சபையின் நல்லது கெட்டதை வீட்டிலிருந்தபடி படித்தார்கள். தரங்கம்பாடியிலும் அச்சுக்கூடம் இருந்தது, 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. ஆக, எழுத்துக்கோ மைக்கோ தட்டுப்பாடில்லை. கணக்குச் சொல்லும் கடமை பணம் வந்த திசையைப் பார்த்தே நின்றது, அவ்வளவுதான். பொறையாற்றில் அந்தக் காலத்து உபதேசியார் என்ன செய்தார் என்று தேடுகிற ஆராய்ச்சியாளர் இன்றைக்கும் ஹாலேயின் ஆவணக் காப்பகத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு திருச்சபை நிறுவனத்துக்குப் பணம் வந்தால் டெல்லிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையின் கணக்கில் விழ வேண்டும். ஆண்டுதோறும் பட்டயக் கணக்கர் கையெழுத்தோடு அறிக்கை போக வேண்டும். நடவுக் கூலியில் மிச்சம்பிடித்துக் காணிக்கைப் பையில் ஒரு பெண்மணி போடும் பத்து ரூபாய்க்கு அப்படி ஒரு நிர்ப்பந்தமும் இல்லை. அவளிடம் யாரும் அறிக்கை நீட்டுவதில்லை.

டெல்டா கிராமங்களில் அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா அறுவடை முடிந்த கையோடு நெல் மூட்டை, பூசணி, கரும்புக் கட்டு, சேவல், வாழைத்தார் எல்லாம் பலிபீடத்தின் முன் வந்து இறங்கும். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஊரே கேட்கக் கூவுவார்கள். பத்து ரூபாய் எலுமிச்சம்பழத்தை வீம்புக்கு ஆயிரத்துக்கு ஏற்றிவிட்டு மீசையைத் தடவும் மாமாக்கள் எல்லாச் சபையிலும் உண்டு. எடுத்தது யார், எவ்வளவுக்கு என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு பகிரங்கமாக வசூலான பணம் கமிட்டியின் பெட்டிக்குள் போன பிறகு, அதைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. அப்படியொரு ஏலத்தன்று, சேவலைக் கொடுத்துவிட்டு நின்ற மூதாட்டி ஒருத்தி செயலாளரைக் கேட்டார்.

"தம்பி, போன வருசம் கோயில் ஓட்டை மாத்தணும்னு வாங்குனீங்களே, இன்னும் ஒழுகுதே?"

"அதெல்லாம் கமிட்டி பாத்துக்கும் ஆயா. நீங்க ஜெபம் பண்ணிக்குங்க."

செயலாளர் கெட்டவர் இல்லை. அவரிடம் முழுக் கணக்கு இல்லை. உள்ளூர்ச் சபைப் போதகரான ஐயரைக் கேட்டிருந்தால், அவருக்கும் திருமண்டல அலுவலகத்துக்குக் கட்டிய தொகை தெரியும், அது அங்கே போய் என்ன ஆனது என்பது தெரியாது. இதையும் சொல்லத்தான் வேண்டும்: மழையில் பைக்கை உருட்டிக்கொண்டு நான்கு கிளைச் சபைகளுக்கு ஓடும் கிராமத்து ஐயர்மார்கள் பெரும்பாலும் வரவுக்கும் செலவுக்கும் நடுவில் திண்டாடுகிறவர்கள். சம்பளம் தாமதமானால் அதற்குக் காரணம் அவர்களுக்கே சொல்லப்படுவதில்லை.

ஆண்டுக் கூட்டம் என்று ஒன்று உண்டு. பந்தியில் இலை போட ஆரம்பித்த பிறகுதான் வரவு செலவு வாசிக்கப்படும். பொருளாளர் ஒரே மூச்சில் படிப்பார். 'இதர செலவுகள்' என்ற தலைப்பு, மின்கட்டணத்தையும் உபதேசியார் சம்பளத்தையும் கூட்டினாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும். முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன், ஆமென். சாம்பார் ஆறுகிற நேரத்தில் எழுந்து கேள்வி கேட்கிறவனைச் சபையே முறைக்கும். அதையும் மீறிக் கேட்டால், அபிஷேகம் பெற்றவர்கள் மேல் கைவைக்கக் கூடாது என்று ஒரு வசனம் வந்து விழும். அதே வேதத்தில் பவுல், எருசலேம் ஏழைகளுக்காக வசூலித்த பணத்தைத் தனியே கொண்டுபோகாமல், சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பி, இவ்வளவு பெரிய தொகையில் ஒருவரும் தன்மேல் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியின் மேல் பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

கத்தோலிக்கரிடம் சட்டமே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287ஆம் விதி. கூரைக்கென்று கொடுத்ததைக் கூரைக்கே செலவிட வேண்டும் என்று சொல்லும் விதியும் அதே தொகுப்பில் உண்டு. வேளாங்கண்ணி அடங்கிய தஞ்சை மறைமாவட்டத்துக்கும் அதே சட்டம்தான். உங்கள் பங்கில் நிதிக்குழு யார் யார் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. பெரிய கோயில் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. ராஜராஜன் கொடுத்தது, அவன் தமக்கை குந்தவை கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது எல்லாம் ஒன்றுவிடாமல் கல்லில் இருக்கிறது. நகையில் முத்து எத்தனை, கல் எத்தனை, அரக்கையும் சேர்த்து எடை எவ்வளவு, எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பது வரை. பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை: சேரனையும் பாண்டியனையும் வென்று எடுத்தது என்று வெட்டியிருக்கிறது. கோயில் பணத்தைக் கடன் வாங்கிய ஊர்ச்சபைகள் காசுக்கு அரைக்கால் காசு வட்டி கட்ட வேண்டும் என்பது கணக்கு. கோயில் சேவைக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் இருக்கின்றன. வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்த அந்தப் பெண்களை யாராவது சம்மதம் கேட்டார்களா என்று மட்டும் சுவர் சொல்லவில்லை. ராஜாவின் வெளிப்படைக்கும் ஓர் எல்லை இருந்தது. இருந்தாலும், நம் கமிட்டிகளின் நோட்டீஸ் போர்டைவிட அந்தச் சுவர் எவ்வளவோ மேல்.

பணத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. சுவார்ட்ஸ் 1798இல் இறந்தார். அவர் வளர்த்த பிள்ளையான வேதநாயக சாஸ்திரியார் அடுத்த தலைமுறை மிஷனெரிகளோடு மல்லுக்கட்டியது 1820களில். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆராதனையில் தடுக்கிறார்கள், கல்யாணத்துக்குப் பூ கூடாது என்கிறார்கள், சாதி வேற்றுமையை விடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று எழுதிக் குவித்தார். 1829இல் மிஷன் வேலை போயிற்று, சரபோஜி அரசவையில் இடம் கொடுத்தார். கடைசிப் புகாரில் சாஸ்திரியார் பக்கம் நியாயமே இல்லை. நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்று சாதி பார்த்த சபையை எந்தப் பாட்டாலும் மூடி மறைக்க முடியாது. ஆனால் எங்களைக் கேட்காமல், எங்களிடம் சொல்லாமல் எங்கள் வழிபாட்டை மாற்றுவதற்கு நீங்கள் யார் என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு இன்றுவரை பதில் பாக்கி.

சாதி விஷயத்தில் உடைத்துப் பேசியவர் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன். சாதியை உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். சபைகளில் வாசித்தார்கள், கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வெளியேறினார்கள். சொன்னது சரி, சொன்ன விதம் தாசில்தார் உத்தரவு மாதிரி. ஆனாலும் மனிதர் கல்கத்தாவிலேயே உட்கார்ந்துவிடவில்லை. 1835 ஜனவரியில் தஞ்சாவூருக்கே வந்து, கோபித்துக்கொண்டவர்களோடு நேருக்கு நேர் பேசினார். கொஞ்சம் பேர் திரும்பினார்கள், நிறையப் பேர் திரும்பவில்லை. தனக்குப் பிடிக்காததைச் சொல்லப்போகும் ஜனங்களைத் தேடிப் போவதற்குத் தனித் தைரியம் வேண்டும். இப்போதைய பேராயர்கள் வருகிறார்கள், ஆளுயர மாலையோடும் பேண்டு வாத்தியத்தோடும் வரவேற்கிறோம், ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார்கள். கேள்வி நேரம் என்று ஒன்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததாக நான் பார்த்ததில்லை. மூடிவைக்கும் பழக்கம் இங்கே மட்டுமில்லை: பாலியல் குற்றப் புகார்களுக்கு ரோமாபுரியே 2019 டிசம்பரில்தான் 'பாப்பிறை இரகசியம்' என்ற இரகசியக் காப்பு விதியின் பூட்டைத் திறந்தது. அதுவும் உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள் பல்லாண்டு கதவைத் தட்டிய பிறகு.

வெளிப்படையாகச் சொன்னால் சபையில் சண்டை வரும், விசுவாசம் கெடும், புறமதத்தார் முன் மானம் போகும் என்பது மேலிடத்தின் வழக்கமான பதில். மானம் போய் வெகுநாள் ஆயிற்று. தரங்கம்பாடியின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதி வந்து பார்க்க வேண்டியிருந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாட் நிர்வாகத்துக்கு 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சபைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய பதிலை, இப்போது பிரமாணப் பத்திரமாகச் சத்தியம் செய்து நீதிபதியிடம் சொல்கிறார்கள். மறுபடியும் கணக்கு மேலேதான் போகிறது. இரண்டு தரப்புக்கும் வக்கீல்கள் வேறு. திருச்சபைத் தரப்பு வக்கீல் ஃபீஸ் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், பந்தி போடுவதற்கு முன்னால், யாராவது எழுந்து கேட்கலாம்.