தொண்டும் கூலியும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னையில் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிய இளைஞர்கள் கடற்கரையிலும் கூவம், அடையாறு ஓரங்களிலும் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். கம்பெனிகள் தங்கள் பெயர் அச்சிட்ட பனியனைக் கொடுத்து ஊழியர்களை அனுப்புகின்றன. கல்லூரி மாணவர்கள் மரக்கன்று நடுகிறார்கள். நல்ல காரியந்தான். குனிந்து குப்பை பொறுக்குகிறவனைக் கேலி பேசும் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். விடுமுறை நாளில் வீட்டில் படுத்துத் தூங்காமல் வெயிலில் வந்து நிற்கிறானே, அந்த மனசு பெரிது.

ஆனால், இதைப் பற்றி நமது தோழர்களிடையே இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. "சாக்கடை தூர் வாருவது மாநகராட்சியின் வேலை, வரி வாங்குகிறவன் செய்யட்டும், நாம் போய்ச் செய்தால் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்" என்பது ஒரு பேச்சு. "அதெல்லாம் பேசிக்கொண்டிருந்தால் மக்கள் நம்மை மறந்துவிடுவார்கள்; கொடியைப் பிடித்துக்கொண்டு போய் நாலு தெருவைக் கூட்டுவோம், படம் பத்திரிகையில் வரும்" என்பது மற்றொரு பேச்சு. முதல் பேச்சு பேசும் தோழர் கொள்கை பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்; முழங்கால் தண்ணீரில் நிற்கும் வீட்டுக்காரியிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! இரண்டாவது பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பேர் துடைப்பம் பிடிக்க ஐம்பது பேர் அதைப் படம் பிடிக்கும் வைபவங்களை நாடு நிறையப் பார்த்தாகிவிட்டது.

இந்த இரண்டு பேச்சுக்கும் எண்ணூரிலே பதில் இருக்கிறது.

2017 ஜனவரி 28-ந் தேதி அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்றிலிருந்து எரியெண்ணெய் கடலில் கொட்டியது. பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அந்த 'ஒன்றுமில்லை' எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பாறைகளில் வந்து படிந்து, தெற்கே மெரினா வரையில் பரவியது. இயந்திரங்கள் வந்தன, தார் போல் இறுகிய அந்தக் குழம்பை இழுக்க முடியாமல் திணறின. கடைசியில் அதை அள்ளியது எது? வாளி! பாறைக்குப் பாறை நின்று, கைக்குக் கை வாளி மாற்றி, மீனவர்களும் மாணவர்களும் பிற தொண்டர்களும் நாட்கணக்கில் அள்ளினார்கள். அள்ளிய கசடு நூறு டன்னுக்கு மேல். அது என்ன சேறு என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மூச்சில் போனால் நெஞ்சு எரியும், தோலில் பட்டால் தோல் எரியும். சரியான கையுறைகூட இல்லாமல் இறங்கியவர்கள் பலர்.

ஆறு ஆண்டுகள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கத்திலிருந்து மழைவெள்ளத்தோடு எண்ணெய் புறப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வீட்டுச் சுவரிலே கறுப்புக் கோடு, வலையிலே எண்ணெய், படகிலே எண்ணெய். நண்டும் இறாலும் வாங்க ஆள் இல்லை. 2017-ல் கற்ற பாடத்தைச் சர்க்கார் மறக்காமல் இருந்திருந்தால் ஆறு ஆண்டில் எவ்வளவு ஏற்பாடு செய்திருக்கலாம்? மறுபடியும் மீனவன்தான் தன் படகிலே போய்க் குவளையால் மொண்டு பீப்பாயில் ஊற்றினான். அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்து, மக்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். எண்ணெய் நாற்றம் போவதற்குள் இது!

எண்ணெயைக் கொட்டியவன் ஒருவன், அள்ளியவன் இன்னொருவன். இந்த வழக்கத்தைச் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஏட்டிலே இருக்கும் அந்தத் தீர்ப்பை எர்ணாவூர்க் கரைக்கு யார் கொண்டுவருவது? நமது தோழன் வாளியோடு அங்கே போக வேண்டும், சந்தேகமில்லை. ஆனால், மாலையில் வாளியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். எத்தனை படகு, எத்தனை வலை, எத்தனை நாள் தொழில் போயிற்று என்று வீடு வீடாக எழுதி, ஊர்ப் பஞ்சாயத்தாரின் கையெழுத்தோடு நஷ்டஈட்டுக்குப் போட வேண்டும். அன்று அள்ளிய நாள் ஒவ்வொன்றுக்கும் கூலி கேட்க வேண்டும். எண்ணெயை அள்ளியது வேலைதானே!

தொண்டு என்ற சொல்லை நாம் மேட்டுக்குடி வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரை முழுகிக் கிடந்தபோது, மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்து மாடி மாடியாக மனிதர்களை இறக்கினார்களே, அது தொண்டு. அவர்களுக்கு யாரும் ஓலை அனுப்பி அழைக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் மலைபோல் கிடந்த குப்பையை வாரப் பல மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். படகைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் அந்தத் தொழிலாளர்களைப் பற்றி எவ்வளவு எழுதின?

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது.

இந்த நாட்டில் துடைப்பத்துக்குச் சாதி உண்டு. நகரம் முழுவதும் குப்பை போடும். வாருவதற்கு மட்டும் ஒரு சில சேரிகளிலிருந்து ஆள் வர வேண்டும். பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவது குற்றம் என்று 2013-ல் சட்டம் வந்தது. இருந்தும் சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கான நஷ்டஈட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவுக்கு விலை உயர்ந்திருக்கிறது. சாவு இன்னும் இருக்கிறது. ஆகவே, கூடத்தில் உட்கார்ந்து சாதி ஒழிப்புப் பேசும் நமது தோழன், அவன் எந்தத் தெருவில் பிறந்தவனாயினும், ஒரு நாள் துடைப்பத்தை எடுத்துத் தெருவில் இறங்குவதற்கு ஒரு மதிப்பு உண்டு. தெரு சுத்தமாவது கொஞ்சந்தான். அந்த நாற்றத்தில் நாலு மணி நேரம் நின்றால் மற்ற ஆறு நாளும் அங்கே நிற்கிறவள் யார் என்பது அவனுக்குப் புரியும். அவளுக்கு என்ன சம்பளம், கையுறை உண்டா, பூட்ஸ் உண்டா, ஒதுங்க இடம் உண்டா, மாதம் தவறாமல் கூலி வருகிறதா என்று கேட்கத் தோன்றும். கேட்காவிட்டால் அவன் துடைப்பம் பிடித்தது வீண்.

அவளைக் கேட்காமல் அவள் வேலையை எடுத்துக்கொள்வது அதைவிட மோசம். 2025 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 13-ந் தேதி இரவு போலீசார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் தலைவர்களில் ஒருவராக நின்றவர் திரு.வி.க.; அவர் பெயர் தாங்கிய மண்டலத்துத் தொழிலாளிக்கு இந்தக் கதி!

அந்தப் பதின்மூன்று நாட்களில் தெருவில் குப்பை தேங்கியது உண்மை. அப்படிப்பட்ட நேரத்தில் "சமூக சேவை செய்யலாம் வாருங்கள்" என்று யாராவது நம் கிளைத் தோழரை அழைத்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? ஆலையில் வேலைநிறுத்தம் நடக்கும்போது பின் கதவு வழியாக உள்ளே போய்த் தறியை ஓட்டுகிறவனுக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? வேலைநிறுத்தத்தின்போது கூலியின்றித் துடைப்பம் எடுப்பவனுக்கும் அதே பெயர்தான்: கருங்காலி. அவன் போட்டிருக்கும் பனியனில் எவ்வளவு அழகான வாசகம் எழுதியிருந்தாலும் சரி. அவ்வாறான நாளில் நமது தொண்டு பந்தலில் இருக்கிறது: தண்ணீர் கொண்டுபோவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, சுற்றுவட்டார வீடுகளுக்குப் போய்ப் போராட்டத்தின் நியாயத்தைச் சொல்வது.

சாதாரண நாளிலும் இதே கணக்குதான். பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஆறு பேரை வைத்துவிட்டு, மீதியைத் தொண்டர் தலையில் கட்டலாம் என்று எந்த நிர்வாகமாவது நினைத்தால், நாம் போய்த் தூக்கும் ஒவ்வொரு கூடையும் ஒரு தொழிலாளியின் வேலையைத் தின்றுவிடும். ஆகவே தெருவில் இறங்குமுன் அந்த வார்டின் துப்புரவுத் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசுங்கள். அவர்கள் "இதைச் செய்யுங்கள்" என்றால் செய்யுங்கள். "இதைத் தொடாதீர்கள், இதற்கு ஆள் போடச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றால் தொடாதீர்கள். சாக்கடைக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. தொண்டனும் கூடாது, தொழிலாளியும் கூடாது.

வடக்கே எண்ணூர் என்றால் தெற்கே கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவர்கள் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்தானது என்று சொல்லியே பல குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். போய்ச் சேர்ந்த இடம் மட்டும் மேடா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளம்! வீட்டு வேலை செய்த பெண்ணுக்குப் பழைய வீடுகள் எட்டாத தூரமாகிவிட்டன. பள்ளிக்கூடம் பாதியில் நின்ற பிள்ளைகள் உண்டு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறினால் மட்டும் லிப்ட் ஓடுமா?

அங்கே போகும் தோழர்கள் மரம் நடப் போகிறோம் என்று சொல்கிறார்கள். நடலாம். ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். நட்டுவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவள் யார்? குடத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிற அதே தாய்தான். அவளிடம் முதலில் கேட்க வேண்டும். "இங்கே நிழல் வேண்டாம் தம்பி, அங்கே பஸ் நிற்கும் இடத்தில் வை" என்பாள். அவள் சொல்வது சரியாக இருக்கும். எண்ணூர்க் கழியில் அலையாத்தி நடுவதும் அப்படியே. எந்தச் சேற்றில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள், எந்த வழியில் படகு போகிறது என்பது அங்கே பிழைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கேட்காமல் நட்டால் அவர்கள் சோற்றில் மண்.

மரத்தைவிட அவசரமானவை அங்கே பல இருக்கின்றன. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். விலாசம் மாறாத ரேஷன் அட்டையை மாற்ற, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத, ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போக ஆள் வேண்டும். நமது இயக்கம் வளர்ந்ததே படிப்பகங்களில்தான். ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை, ஒரு விளக்கு. பீடித் தொழிலாளியும் கைவண்டிக்காரனும் எழுத்துக் கூட்டிப் படித்த இடங்கள் அவை. அந்தப் பழைய படிப்பகம் ஒன்று பெரும்பாக்கத்து மாடிப்படியடியில் இருந்தால் ஆயிரம் கன்றுகளுக்கு அது குறைந்ததல்ல. படிக்க வரும் பையனுக்குத் தெரிந்துவிடும், இந்த அண்ணன்மார் அடுத்த வாரமும் வருவார்கள் என்று. ஒரு ஞாயிறு வந்து மறைகிறவர்களை அந்த மக்கள் நிறையப் பார்த்தவர்கள்.

ஒரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு இந்த மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சுற்றுச்சூழலைக் காப்போம் என்று எழுதிய பெரிய பிளக்ஸ் பலகை நாலாம் நாள் மழைநீர் வடிகால் வாயை அடைத்துக்கொண்டு கிடப்பதைக் காணச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நமது கிளைகள் துணிக் கொடியோடு போகட்டும்.

மழைக்கு முன்னால் ஒவ்வொரு கிளையும் செய்யக்கூடிய வேலை இது. கையுறையும் பூட்ஸும் கிளை நிதியிலிருந்து வாங்குங்கள். வெறுங்காலோடு யாரையும் இறக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வார்டைச் சுற்றி வாருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வடிகால் வாய் அடைபட்டிருக்கிறது, எந்தக் கால்வாயை யார் மடக்கி மதில் கட்டியிருக்கிறார்கள், எந்த அடிபம்பில் நாற்றத் தண்ணீர் வருகிறது, படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கிப்போக எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது என்பவற்றை அங்கே குடியிருப்பவர்களையே கேட்டு எழுதுங்கள். சென்னைக்கு 200 வார்டுகள். ஏரியா சபை கூடும்போது அந்த நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். மண்டல அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். நகல் ஒன்றை நமக்கு அனுப்புங்கள். வார்டு எண், தெரு, மனுக் கொடுத்த தேதி, நடவடிக்கை எடுத்த தேதி என்று வரிசையாக இந்தப் பத்தியில் வெளியிடுகிறோம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே அச்சிடுவோம்.