பேலேகு: ஓர் ‘ஏனெனில்’ படுத்தும் பாடு

ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கும் முறை யாருக்கு வருகிறதோ, அவர் பாடு திண்டாட்டம்தான். பெயர்களில் தடுக்கித் தடுக்கி நடந்து 25ஆம் வசனத்துக்கு வந்தால் அங்கே ஓர் ‘ஏனெனில்’ நிற்கிறது. ஏபேரின் மகனுக்குப் பேலேகு என்று பெயர் வந்ததற்குக் காரணம், அவன் காலத்தில் பூமி பிரிந்ததாம். வாசிப்பவரும் கேட்பவரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பூமி பிரிந்ததற்கும் பேலேகு என்ற சத்தத்துக்கும் என்ன உறவு என்று தமிழ்க் காதுக்குத் தெரிய வழியில்லை. காரணம் சொல்ல வந்த சொல் இருக்கிறது, காரணத்தைக் காணோம்.

எபிரெயத்தில் அந்தக் காரணம் காதிலேயே விழுந்துவிடும். பெயர் பெலெக், அடுத்து வரும் வினை நிஃப்லெகா. இரண்டுக்கும் அடியில் இருப்பவை பே, லாமெத், கீமெல் என்ற அதே மூன்று எழுத்துகள். பாகம் பிரித்த வருஷத்தில் பிறந்த பிள்ளைக்குப் ‘பாகன்’ என்று பெயர் வைத்தால் தமிழ் வீட்டில் எப்படிக் கேட்குமோ, அப்படி.

விவிலியத்தைப் பெயர்ப்பவர்கள் இந்தச் சின்ன மூதாதையிடம் கொஞ்சம் நின்று பேசுவது நல்லது. அவனைப் பற்றி வேதம் சொல்வது மிகக் குறைவு. முப்பது வயதில் ரெகூவைப் பெற்றான், அதற்குப் பின் 209 வருஷம் வாழ்ந்தான், ஆக 239. (செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்கப் பெயர்ப்பில் முப்பது, 130 ஆகிவிடுகிறது, மொத்தம் 339.) தகப்பன் ஏபேருக்கு எபிரெய மூலம் தரும் வயது 464. வம்ச அட்டவணையில் ஆயுசு திடீரென்று பாதியாய் வெட்டுப்படும் இடமும் பேலேகுதான். அட்டவணையைத் தொகுத்தவர் அதைக் கவனித்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

சிக்கல் அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரெயப் பகுதியில் இந்த வினை வருவது நான்கே இடங்களில். அவற்றில் 1 நாளாகமம் 1:19, ஆதியாகம வசனத்தையே திருப்பிச் சொல்வது. மிச்சம் இரண்டு. ஒன்று சங்கீதம் 55:9. எதிரிகளின் நாவைப் பிரித்துப்போடும்படி மன்றாடும் இடம். மற்றொன்று யோபு 38:25. கொட்டும் மழைக்கு வாய்க்கால் வகுத்தவர் யார் என்ற கேள்வி. முதலாவதைச் சாட்சிக்கு அழைத்தால் பேலேகின் பெயர் பாபேல் கோபுரத்தையும் பாஷைகள் பிரிந்ததையும் நோக்கிப் போகும். இரண்டாவதை அழைத்தால் அது மண்வெட்டியையும் தண்ணீரையும் நோக்கிப் போகும்.

பாபேல் பக்கம் கூட்டம் அதிகம். யூபிலிகள் என்ற பழைய யூத நூல், நோவாவின் புதல்வர் பூமியைப் பங்குபோட்டுக்கொள்ளத் தொடங்கிய நாளில் பிறந்ததால் இந்தப் பெயர் என்கிறது. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஜனங்கள் தத்தம் நாடுகளுக்குப் பிரிந்துபோன காலத்தோடு அதை இணைத்தார். ரபிமாருக்கு ஒரு நெருடல்: பிறந்த குழந்தைக்கு, இன்னும் நடக்காத பிரிவை வைத்து எப்படிப் பெயரிடுவது? அப்படியானால் ஏபேர் பெரிய தீர்க்கதரிசி என்று முடிவுகட்டினார்கள். சேதர் ஓலாம் என்ற யூதக் காலக்கணக்கு நூலின்படி, சிதறல் நடந்தது பேலேகின் நாட்களின் கடைசியில். அந்தக் கணக்கில் அப்போது ஆபிரகாமுக்கு 48 வயது.

ஆனால் பாபேல் கதை இந்த வினையைத் தொடுவதே இல்லை. அங்கே மொழியைக் ‘குழப்ப’ ஒரு வினை, மக்களைச் ‘சிதறடிக்க’ இன்னொன்று. ஜாதிகள் பிரிந்ததைச் சொல்லும் 10:5, 10:32 வசனங்களிலும் வேறு வினைதான். ஆகவே 25ஆம் வசனத்தில் ‘மொழிகள் பிரிந்தன’ என்றோ ‘மக்கள் சிதறினர்’ என்றோ எழுதுகிற பெயர்ப்பு, மூலம் விட்டுவைத்ததைத் தானாக நிரப்புகிறது. பழைய தமிழ்ப் பெயர்ப்பின் ‘பகுக்கப்பட்டது’ இந்த விஷயத்தில் எவ்வளவோ நிதானமானது.

பூமித்தட்டுகள் பிரிந்ததைத்தான் இந்த வசனம் சொல்கிறது என்று பிரசங்க மேடைகளில் கேட்பதுண்டு. ஆல்ஃபிரட் வேகனர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தது 1912இல். தட்டுகள் நகர்வது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்; பேலேகின் 239 வருஷத்துக்கும் கணக்குப் போட்டால் ஒரு தெருவின் அகலம்தான் தேறும்.

தண்ணீர்ப் பக்கம் ஆள் குறைவு, சரக்கு அதிகம். எபிரெயத்தில் பெலெக் என்பது பொதுப்பெயராகவும் வழங்குவது. பொருள், கால்வாய், ஓடை. அக்காதிய மொழியில் ‘பல்கு’ என்றாலும் வெட்டிய கால்வாய்தான். முதலாம் சங்கீதத்தின் மரம் நடப்பட்டிருப்பது இந்தச் சொல்லின் பன்மைக்குப் பக்கத்தில். தமிழில் அது ‘நீர்க்கால்கள்’ ஆனது. நீதிமொழிகள் 21:1இல் ராஜாவின் இருதயத்துக்கு உவமையானதும் அதே நீர்க்கால்கள். வரப்பை ஓர் இடத்தில் வெட்டினால் ஒரே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடும். பிரிப்பதும் பாய்ச்சுவதும் மண்வெட்டியின் ஒரே வீச்சு. யூப்ரடீஸ் கரையில் வயலுக்குத் தண்ணீர் கட்டியவனுக்கு இரண்டு பொருளையும் ஒரே வேரில் வைப்பதில் சிரமம் இருந்திருக்காது.

அரமேயத்தில் இதே வேர் ‘பாதி’ என்றும் பொருள்படும். யூதர்களின் அன்றாடத்தில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது: சூரியன் மறைவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முந்தைய வேளைக்குப் ‘பிளாக் ஹமின்ஹா’ என்று பெயர், மாலை ஜெபப் பொழுதின் பாதி என்று அர்த்தம். இன்றைய எபிரெயத்தில் அரசியல் கட்சிக்கு ‘மிஃப்லகா’ என்கிறார்கள். வேர் இதேதான், கட்சிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

தமிழ்ப் பெயர்ப்பாளருக்கு இங்கே எதிர்பாராத துணை ஒன்று உண்டு. நம் ‘கால்’ என்ற சொல்லும் வாய்க்காலைக் குறிக்கும், நாலில் ஒரு பங்கையும் குறிக்கும். இரண்டு மொழிக்கும் இதில் உறவு கற்பிப்பது வீண் வேலை. ஆனாலும் அடிக்குறிப்பு எழுதும்போது ‘நீர்க்கால்’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால், பங்கும் பாய்ச்சலும் வாசகருக்குச் சேர்ந்தே தட்டுப்படும்.

இன்னொரு பிரிவு கண்முன்னே இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதில்லை. பேலேகுக்கு யொக்தான் என்று ஒரு சகோதரன். பத்தாம் அதிகாரம் பேலேகைப் பெயரோடு விட்டுவிட்டு யொக்தானின் பதின்மூன்று பிள்ளைகளைப் பின்தொடர்கிறது. அவர்களில் அசர்மாவேத்தின் பெயர், இன்றைய ஏமனின் ஹத்ரமவுத். சேபாவும் ஓப்பீரும் அதே வரிசையில் வருகிறார்கள். பதினோராம் அதிகாரம் யொக்தானை மறந்துவிட்டுப் பேலேகு வழியாக ரெகூ, செரூகு, நாகோர், தேராகு என்று ஆபிரகாமிடம் போய்ச் சேர்கிறது. ஒரே தகப்பனிடமிருந்து வம்சம் இரண்டு வாய்க்காலாகப் பிரியும் மடையில் இந்தப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. பூமி என்று பெயர்க்கப்படும் ‘எரெட்ஸ்’, நிலத்தையும் நாட்டையும், 11:1இல் அதில் குடியிருக்கும் மக்களையும் குறிப்பது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வாசிப்பு ஒன்றும் வலிந்து கொள்வதல்ல. இவ்விதழின் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் சாய்வை வசனத்துக்குள் நுழைக்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு இடம் பக்கத்தின் அடியில்.

பெயரைப் பெயர்க்க வேண்டாம், பேலேகு பேலேகாகவே இருக்கட்டும். குறிப்பு இப்படி அமையலாம்: ‘எபிரெயத்தில் இப்பெயர், பிரித்தல், நீர்க்கால் ஆகிய பொருள் தரும் சொற்களோடு ஒலியில் ஒத்தது. எந்தப் பிரிவு என்று வசனம் கூறவில்லை.’ பத்திருபது சொல்லுக்குள் அடங்கும்; சிறிய எழுத்தில் இரண்டு வரி.

1 நாளாகமம் 1:19இல் இதையே மறுபடி அச்சிட வேண்டும். ‘ஆதியாகமத்தைப் பார்க்க’ என்று அனுப்பினால் யாரும் புரட்டப் போவதில்லை. லூக்கா 3:35இல் இவன் கிரேக்கத்தின் வழியாக ‘ஃபாலெக்’ ஆக வருகிறான். அங்கே ‘ஏனெனில்’ இல்லை, குறிப்பும் தேவையில்லை. இரண்டு ஏற்பாட்டிலும் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறதா என்று மெய்ப்பு பார்ப்பவர் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.