தூக்கிக் கட்டிய ஜீப்பும் டயர்க் கணக்கும்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் பத்து நிமிடம் நின்றால் போதும். உயரமான ஜீப் வகை வண்டி ஒன்றாவது கடந்து போகும். அவற்றுள் சில, தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் இருப்பதில்லை. ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்தோ, நீளமான ஸ்பிரிங் மாற்றியோ, இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று தூக்கிக் கட்டியிருப்பார்கள். தூக்கிக் கட்டியதும் சக்கரத்துக்கு மேலே நிறைய வெற்றிடம் தெரியும். அதைப் பார்த்தவுடன் அடுத்த ஆசை பிறக்கும்: பெரிய டயர் போட்டால் என்ன?

மாணவ நண்பர்களே, உங்களில் பலருக்கு அண்ணனோ மாமாவோ இந்த ஆசையுடன் இருக்கலாம். அவரைக் கேலி செய்ய வேண்டாம். அழகு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. ஆனால் "பெரிய டயர் போட்டால் வண்டிக்குப் பலம்" என்று அவர் சொன்னால், அது அழகைப் பற்றிய பேச்சல்ல, இயற்பியலைப் பற்றிய பேச்சு. அதைப் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே சோதித்துவிடலாம். தினமும் கடைக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய், மாதம் ஒருமுறை சவ்வாது மலைக்கு ஏறும் வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்த டயர் அளவே சரி என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். மகிந்திரா நிறுவனம் 2020இல் கொண்டுவந்த தார் வண்டியை எடுத்துக்கொள்வோம். (இந்தத் 'தார்' ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயர், சாலைக்கு ஊற்றும் தார் அல்ல. ஆனால் அந்த வண்டிகள் பெரும்பாலும் ஓடுவது இரண்டாவது தாரின் மேல்தான்!) அதன் ஒரு வகைக்கு வந்த டயரில் 245/75 ஆர் 16 என்று இருக்கும். 245 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் மில்லி மீட்டரில் அல்ல, அகலத்தில் 75 சதவீதம். 16 என்பது உள்ளே இருக்கும் இரும்பு அல்லது அலுமினிய வளையத்தின் விட்டம், அங்குலத்தில். மூன்று எண்ணுக்கு மூன்று அளவுமுறை! யார் இப்படி முடிவு செய்தார்களோ, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கவில்லை.

கணக்குப் போடுவோம். 245இல் 75 சதவீதம் சுமார் 184 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், ஆகவே 368. வளையம் 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. மொத்த விட்டம் 774 மி.மீ. இதே வளையத்தில் ஆசைக்காரர்கள் மாட்ட விரும்பும் 285/75 ஆர் 16 அளவைக் கணக்கிட்டால் 834 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 60 மி.மீ., ஏறக்குறைய எட்டு சதவீதம்.

இந்த 60 மி.மீ. என்ன லாபம் தருகிறது? சக்கரத்தின் அச்சு இருப்பது நடுவில். ஆகவே அச்சு உயர்வது பாதிதான், 30 மி.மீ. ஆனாலும் இது உண்மையான லாபம், மறுக்க முடியாது. தாரின் பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டியான அச்சும், அதன் நடுவே பல்சக்கரங்கள் அடங்கிய குடமும் தொங்குகின்றன. காட்டுப் பாதையில் கல் இடிப்பது அந்தக் குடத்தில்தான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் வண்டியின் உடல் உயருமே தவிர, குடம் ஒரு மில்லி மீட்டர்கூட உயராது. அது சக்கரத்தோடு சேர்ந்தது. பணம் கொடுத்துத் தூக்கிக் கட்டியவர்களில் எத்தனை பேர் குனிந்து இதைப் பார்த்திருப்பார்கள்!

பெரிய சக்கரம் தடையை எளிதில் ஏறும் என்பதும் உண்மையே. நம் கட்டை வண்டி அதற்குச் சாட்சி. பத்து செ.மீ. உயரக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது; சக்கரத்தை அதன் அச்சில் கிடையாக இழுத்து ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் அமுங்காது என்றும் கொள்வோம். பிதாகரஸ் தேற்றத்தையும் திருப்புத்திறன் விதியையும் சேர்த்துப் போட்டால், 774 மி.மீ. சக்கரத்துக்கு அதன் மேலுள்ள எடையில் 90 சதவீதம் அளவு விசை வேண்டும். 834 மி.மீ. சக்கரத்துக்கு 85 சதவீதம். ஐந்தடி விட்டமுள்ள மாட்டுவண்டிச் சக்கரத்துக்கோ 57 சதவீதமே! நம் தாத்தாக்களின் தச்சர் செய்த சக்கரத்தின் பக்கத்தில் இந்தப் பெரிய டயரின் பெருமை எவ்வளவு சிறியது பாருங்கள்.

இனி நஷ்டக் கணக்கு. எஞ்சின் சக்கரத்துக்குத் தருவது திருப்புவிசை. சக்கரம் தரையைத் தள்ளும் விசை வேண்டுமானால் அதை ஆரத்தால் வகுக்க வேண்டும். ஆரம் எட்டு சதவீதம் கூடினால் தள்ளும் விசை ஏழு சதவீதம் குறைகிறது. மேலே கல் ஏறுவதில் மிச்சம் பிடித்த ஐந்தை இங்கே ஏழாகக் கொடுத்தாயிற்று! பிரேக்குக்கும் இதே கணக்குத்தான். பிரேக் தட்டு அதே அளவில் இருக்க, ஆரம் மட்டும் கூடினால், அதே அழுத்தத்துக்கு வண்டியை நிறுத்தும் விசை குறைகிறது. காலை இன்னும் அழுத்தி மிதிக்கலாம். ஆனால் குறுக்கே ஆடு ஓடும் நொடியில் அந்த யோசனைக்கு நேரமில்லை.

எடையும் சும்மா இருக்காது. பெரிய டயர் கனமானது. அந்தக் கனம் பெரும்பாலும் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் உள்ள பொருள் வண்டியோடு முன்னால் ஓடவும் வேண்டும், சுழலவும் வேண்டும். எனவே விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது வண்டிக்குள் வைத்த இரண்டு கிலோவைப் போல் எஞ்சினுக்குச் சுமையாகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்தில் இதற்கான விலையைப் பெட்ரோல் பங்க்கில் கொடுக்க வேண்டும்.

வேகமானி என்ன ஆகும்? அது சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. டயரை யாரோ மாற்றியது அதற்குத் தெரியாது. அது 80 என்று காட்டும்போது கணக்குப்படி வண்டி 86இல் போகும். வேகமானிகளை உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். பாதுகாப்புக்காக வைத்த அந்தச் சிறு மிச்சத்தைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது.

வண்டி கவிழ்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். பாதித் தூரம் 75 செ.மீ., உயரம் 70 செ.மீ. என்றால் விடை 1.07. தூக்கிக் கட்டியதாலும் டயராலும் மையம் 8 செ.மீ. உயர்ந்தால் விடை 0.96. இந்த எண் குறையக் குறைய வண்டி எளிதில் சாயும். காய்ந்த சாலையில் டயரின் பிடிப்பு பொதுவாக இதைவிடக் குறைவு. ஆகவே வண்டி முதலில் வழுக்கும், கவிழாது என்று சிலர் வாதிடுவார்கள். வாதம் சரிதான். ஆனால் வழுக்கிய சக்கரம் சாலை ஓரத்துக் கல்லிலோ மண் விளிம்பிலோ தட்டினால்? ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதை வளைவுகளில் ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள் இந்த வாதத்தை நம்பி ஓட்டமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இது கோயில் ஊர். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி அன்று மட்டுமல்ல, எல்லா நாளும் வெறுங்காலோடு மக்கள் நடக்கிறார்கள், இரவிலும் நடக்கிறார்கள். குழந்தைகள் கையை உதறிவிட்டு ஓடுகிறார்கள். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 165 செ.மீ. உயரம், எஞ்சின் மூடியின் முன்விளிம்பு 115 செ.மீ. உயரம், இரண்டுக்கும் இடையே 180 செ.மீ. தூரம் என்று ஒரு படம் வரையுங்கள். வடிவொத்த முக்கோணங்கள் விடை சொல்லும்: ஒரு மீட்டர் உயரக் குழந்தை, மூடிக்கு முன்னால் 54 செ.மீ. வரை முழுமையாக மறைந்துவிடும். வண்டியை 8 செ.மீ. உயர்த்துங்கள். மறையும் தூரம் 83 செ.மீ. ஆகிறது. எட்டு செ.மீ. உயர்வு ஒரு குழந்தை நிற்கும் இடத்தை விழுங்கிவிட்டது. முகப்பு விளக்கும் அதே அளவு உயர்ந்து, எதிரே நடந்து வருபவரின் கண்ணில் அடிக்கிறது.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்படியானால் பெரிய டயர் யாருக்குமே வேண்டாமா? சாலையே இல்லாத பாறைப் பாதையில் நாள்தோறும் போகும் வண்டிக்கு அந்த 30 மி.மீ. அருமையானது. அங்கே வேகமும் குறைவு, கூட்டமும் இல்லை. அதற்கென்று பல்சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட்டு வடிவமைப்பது பொறியியல். டயரை மட்டும் மாற்றுவது பொறியியல் அல்ல.

மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு என்ன வழி? இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஒன்று, அதே அளவிலேயே சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான, சற்று ஆழமான வரிப்பள்ளம் உள்ள டயர் வாங்குவது. மற்றொன்று காற்று. பங்க்கில் "முப்பது வையுங்கள்" என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம். வண்டி 1,800 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ, அதாவது 990 பவுண்டு. 990ஐ 30ஆல் வகுத்தால் 33. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 33 சதுர அங்குலம்தான். டயர் அகலமோ குறுகலோ, அதே காற்றில் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். அகல டயர் என்றால் அதிகப் பிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது காற்றை 20க்கு இறக்குங்கள். பரப்பு 50 சதுர அங்குலம் ஆகிறது! டயர் மெத்தென்று அமுங்கிக் கல்லைத் தழுவிக்கொள்கிறது, மணலில் புதையாமல் மிதக்கிறது. செலவு ஒரு பைசா இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. காற்றுக் குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும், அதனால் சூடேறும். அந்தச் சூட்டோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயர் வெடித்துவிடும். ஆகவே மலையில் மெதுவாகவே போக வேண்டும். இறங்கிப் போளூர் வந்ததும், டீக்கடையைத் தேடுவதற்கு முன் காற்றடிக்கும் இடத்தைத் தேட வேண்டும்.